இடைப்பலகார வீட்டில் பிசிஓஎஸ்: "உடம்பைக் குறைத்துவிட்டு வா" என்றால் எங்கிருந்து தொடங்குவது?

முற்றத்து_வெயில் | ஜூலை 27, இரவு 11:40

வயது 29. பிறந்த ஊர் தேவகோட்டை, வாழ்க்கைப்பட்டது காரைக்குடிக்குப் பக்கத்தில். கல்யாணமாகி மூன்று வருடம். உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. பதினாறு வயதிலிருந்தே மாதவிடாய் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். இப்போது நான்கு மாதமாக வரவே இல்லை. ஸ்கேனில் சினைப்பை இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் பார்த்தது ஆறு நிமிடம் இருக்கும். "முதலில் பத்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் முட்டை வளர லெட்ரசோல் ஆரம்பிக்கலாம்" என்றார். அதுவரைக்கும் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் 500 மி.கி. லெட்ரசோலைத் தேடிப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. மெட்ஃபார்மின் சாப்பிட்ட மூன்றாம் நாளே வயிற்றைக் கலக்கியது, நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். நாலு மணிக்கு இடைப்பலகாரம் இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஆடி பிறந்துவிட்டது, உளுந்தும் கருப்பட்டியும் நெய்யுமாகக் கும்மாயம் கிண்டியாகிறது. மாமியார் நல்லவர், அதுதான் சிக்கலே. அவருடைய பிரியம் முழுவதும் நெய்யில் இருக்கிறது. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. பகலில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு இரண்டாங்கட்டுக்குப் போய், தகர டின்னில் இருக்கும் மனகோலப் பலகாரத்தை நின்றுகொண்டே தின்பேன். வயிறு வலிக்கும் வரைக்கும். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுவேன்.

போன பிள்ளையார் நோன்பில், எரியும் திரியோடு மாவு உருண்டையை வாயில் போட்டுக்கொள்ளும் இழை எடுக்கும்போது, எங்கள் வீட்டு வழக்கப்படி, "உனக்கு ஒரு இழையா, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ரெண்டா?" என்று ஒரு பெரியம்மா கூட்டத்தில் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே ஆசையில் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் போகப் பிடிக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

நர்ஸக்கா_தேவகோட்டை | ஜூலை 28, காலை 6:15

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, மகப்பேறு வார்டில் பத்தொன்பது வருட நர்ஸ். அதை மனதில் வைத்துப் படி.

எடையை விடு. முதல் வேலை, நான்கு மாதமாக வராத மாதவிடாய். 90 நாளைத் தாண்டி வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அது பின்னாளில் புற்றுநோய் வரைக்கும் போகக்கூடும். கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சில நாள் புரோஜெஸ்டிரான் மாத்திரை கொடுத்து வர வைப்பார்கள். இந்த வாரமே போ.

இரண்டாவது, அந்த "நீர்க்கட்டி" என்ற பெயர். பாதிப் பயம் அந்தப் பெயரால்தான். அது கட்டியே இல்லை. மாதாமாதம் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்கி, அதில் ஒன்று முந்திப் பெருத்து வெடிக்க வேண்டும். உனக்கு எல்லாமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்துக் கோத்த மாதிரி ஓரமாகத் தெரிவது அவைதான். அறுத்து எடுப்பதற்கோ கரைப்பதற்கோ அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் நிற்கின்றன என்றால் முக்கியமாக இன்சுலின். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, கழுத்தில் கறுப்பு, முட்டை வெடிக்காதது எல்லாம் அந்த வழியில் வருபவை. எடை கூடினால் இது மோசமாகும். இதனாலேயே எடையும் சுலபமாகக் கூடும். சாப்பாட்டுராமி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

மெட்ஃபார்மினை நிறுத்தாதே. சாப்பாட்டுக்கு நடுவில் போட்டுக்கொள். மெதுவாகக் கரையும் வகை உண்டு, அதைக் கேள். வயிற்றுக் கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்த்தார்களா?

கவுனி_அரிசி | ஜூலை 28, காலை 9:02

மாத்திரை எல்லாம் எதற்கு? என் சித்தி மகள் 48 நாள் கருப்புக் கவுனிக் கஞ்சி, கருஞ்சீரகப் பொடி, மலைவேம்பு என்று எடுத்து நீர்க்கட்டி மொத்தமாகக் கரைந்துவிட்டது. இங்கிலீஷ் மருந்து கர்ப்பப்பையையே கெடுத்துவிடும்.

நர்ஸக்கா_தேவகோட்டை | ஜூலை 28, காலை 9:40

கரைவதற்குக் கட்டியே இல்லை என்று மேலேதான் எழுதியிருக்கிறேன்!

கவுனியை நான் குறை சொல்ல மாட்டேன். தவிடு போகாத அரிசி, வெள்ளை அரிசியைவிட நல்லது. ஆனால் நம் பக்கத்தில் கவுனியை யார் கஞ்சியாகக் குடிக்கிறார்கள்? சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் போட்டு இனிப்பாகத்தான் தட்டுக்கு வரும். கும்மாயமும் அதே கதை. உளுந்து நல்லதுதான், கருப்பட்டியும் ஒரு சர்க்கரைதான். மலைவேம்பு, பொடி எல்லாம் குழந்தைக்கு முயலும் நேரத்தில் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஒல்லிக்குச்சி | ஜூலை 28, பகல் 1:25

நான் 48 கிலோ. "உனக்கெல்லாம் எப்படி பிசிஓஎஸ் இருக்கும்?" என்று இரண்டு டாக்டர்களே கேட்டார்கள். இருக்கும். மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேனில் அந்த முத்துமாலை. மற்ற காரணங்கள் இல்லை என்றான பிறகு இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்தான், எடை அந்தக் கணக்கிலேயே இல்லை. 2003ல் வகுத்த அளவுகோல் இது. 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதில், முட்டைப்பைகள் எவ்வளவு என்று காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையும் போதும் என்று சேர்த்திருக்கிறது. ஏஎம்எச் அதிகம் என்றால் "முட்டை நிறைய இருக்கு, கவலை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நம் கேஸில் அப்படி அர்த்தமில்லை. பாதி வழியில் நின்றவை நிறைய என்பதுதான்.

லெட்ரசோல் பயத்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான், மறுக்கவில்லை. அதற்கு வருடக்கணக்கில் தினமும் சாப்பிடுவார்கள். நமக்கு மாதவிடாய் தொடங்கியதும் ஐந்தே நாள். ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்ச நேரம் குறைத்துக் காட்டி, மூளையை ஏமாற்றி, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைச் சுரக்க வைப்பது. இந்தியாவில் 2011 அக்டோபரில் குழந்தைப்பேற்றுக்கு இதைத் தடை செய்தார்கள், 2017ல் தடையை நீக்கினார்கள். பழைய செய்திகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன, நீங்கள் படித்து மிரண்டது அதுவாக இருக்கலாம். 2014ல் அமெரிக்காவில் 750 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். இப்போது உலகம் முழுக்க பிசிஓஎஸ்ஸுக்கு முதல் மருந்து இதுதான்.

என்னை ஒரு மையத்தில் முதல் நாளே ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) பேக்கேஜ் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விலையைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். வேறு டாக்டரிடம் போய், லெட்ரசோல் நான்காவது சுற்றில் கரு நின்றது. பையனுக்கு இப்போது இரண்டு வயது. ஐவிஎஃப் கெட்டது என்று சொல்லவில்லை. குழாய் அடைப்பு போன்ற வேறு காரணம் இல்லாதவர்களுக்கு அது வரிசையில் பின்னால் வர வேண்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு ஊசி கூடிப்போனால் சினைப்பை வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம்.

அப்புறம், கடையில் விற்கும் முட்டை வெடிப்புப் பரிசோதனைக் குச்சியை நம்பாதீர்கள். அது பார்ப்பது முட்டையை வெடிக்க வைக்கும் எல்எச் ஹார்மோனை; நமக்கு அது சும்மாவே அதிகமாக இருக்கும், தினமும் இரண்டு கோடு காட்டும். நான் ஒரு மாதம் முழுக்க ஏமாந்தேன். ஸ்கேன்தான் சரி.

அரியக்குடி_மாப்பிள்ளை | ஜூலை 28, இரவு 10:10

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. ஒரே விஷயம். என் மனைவிக்கு பிசிஓஎஸ் என்று தெரிந்ததும் எல்லாரும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டோம். இரண்டு வருடம் அவள்தான் மாத்திரை, ஸ்கேன், பிள்ளையார்பட்டிக்கு நடை எல்லாம். எனக்கு விந்துப் பரிசோதனை செய்யவே இல்லை. செய்தபோது எண்ணிக்கை குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டிய ஒரு எளிய பரிசோதனை, ஒரு காலை வேளை வேலை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் செய்துவிட்டாரா?

முற்றத்து_வெயில் | ஜூலை 28, இரவு 11:55

இல்லை அண்ணே. யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆத்தங்குடி_பூக்கல் | ஜூலை 29, மாலை 5:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 15 வயது, பெரியவளாகி மூன்று வருடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்கிறார்கள். கழுத்து கறுப்பாக இருக்கிறது, கடலை மாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன், போகவில்லை. இப்போதே இப்படி என்றால் கல்யாணம் காட்சி எப்படி?

நர்ஸக்கா_தேவகோட்டை | ஜூலை 29, இரவு 8:20

ஆச்சி, முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. அதிக இன்சுலின் தோலில் எழுதிவைக்கும் குறிப்பு. தேய்த்தால் புண்தான் ஆகும்.

வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரைக்கும் ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது என்றுதான் வழிகாட்டுதல். அந்த வயதில் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே சினைப்பை அப்படித் தெரியும். மாதவிடாய் ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் அறிகுறியும் இரண்டும் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். இல்லையென்றால் கண்காணிப்பு போதும். பிள்ளைக்கு முன்னால் "கல்யாணம் காட்சி" என்று பேசாதீர்கள். பதினைந்து வயதுக்கு அது ஒரு பெரிய பாறாங்கல்.

ஹாஸ்டல்_ஜன்னல் | ஜூலை 30, நள்ளிரவு 12:48

அந்தப் பதினைந்து வயது பிள்ளைதான் நான், ஐந்து வருடம் கழித்து. தாடையில் முடி. தினமும் ஆறு மணிக்கு முன் எழுந்து, ரூம்மேட் முழிப்பதற்குள் பிளக்கரால் பிடுங்குவேன். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார மாட்டேன். "தரகர்கிட்ட வாயைத் திறந்துராத" என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். எனக்குக் குழந்தை, கல்யாணம் எதுவும் இப்போது வேண்டாம். கண்ணாடியைப் பார்க்க முடிந்தால் போதும். இதற்கெல்லாம் டாக்டரிடம் போனால் சிரிப்பார்களா?

ஒல்லிக்குச்சி | ஜூலை 30, காலை 7:05

சிரித்தால் வேறு டாக்டர். பிடுங்காதே, உள்ளே வளர்ந்து சீழ் பிடிக்கும். மழித்தால் தடியாக வளரும் என்பது சும்மா கதை. கருத்தடை மாத்திரைதான் இதற்கு முதல் மருந்து, "கல்யாணம் ஆகாதவளுக்கு அந்த மாத்திரையா" என்று பதறுவார்கள், பதறட்டும். முடி விஷயத்தில் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இருக்கிற முடிக்கு லேசர் உண்டு. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்று எழுதினால், அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது என்பது நினைவிருக்கட்டும்.

நானும் பதினெட்டு வயதில் கடைசிப் பெஞ்ச்தான்.

ஈப்போ_ஆயா | ஜூலை 30, இரவு 9:30

பேரன் தட்டச்சு செய்து தருகிறான், நான் சொல்லச் சொல்ல. வயது 71. கல்யாணம் ஆனபோது கானாடுகாத்தான் பக்கம், பிறகு மலேசியா வந்துவிட்டோம். எனக்கும் மாதா மாதம் வராது, தாடையில் முடி, உடம்பு கனம். அப்போது இதற்கு என்னிடம் யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை. எங்கள் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலுக்கும் போய் வந்தோம். பதினோரு வருடம் பார்த்துவிட்டுப் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டிக்கொண்டோம், தத்துதான். இந்தப் பேரன் அவன் பிள்ளைதான்.

நான் சொல்ல வந்தது பிள்ளையைப் பற்றி இல்லை. பிள்ளை கூட்டிய அன்றைக்கு எல்லாரும் என் உடம்பை மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். அதுவரைக்கும் ஊரே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் டாக்டர்கூடப் பார்க்கவில்லை. 44 வயதில் மயங்கி விழுந்தபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ. கண்ணுக்கு இரண்டு முறை லேசர் ஆகிவிட்டது. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் சர்க்கரையைப் பாருங்கள் ஆத்தா.

நர்ஸக்கா_தேவகோட்டை | ஜூலை 30, இரவு 10:15

ஆயா, உங்களை நான் வார்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். பிசிஓஎஸ் இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நல்லது. ரத்த அழுத்தம், கொழுப்பும் சேர்த்து. கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை. நம் ஊர் உடம்புக்கு, உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ 23லேயே அதிக எடைக் கணக்கு தொடங்கிவிடும், இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது.

தங்கச்சி முற்றத்து வெயில், உன் எடைக்கு வருகிறேன். பத்து கிலோ என்று சொன்னதும் மலைத்துப் போயிருப்பாய். ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. உனக்கு அது நான்கு கிலோ. இந்த உணவு முறைதான் உசத்தி என்று எதுவும் கிடையாது, உன் வீட்டில் நடத்த முடிந்ததுதான் உனக்கு நல்லது. இடைப்பலகாரத்தை நிறுத்தாதே, இடத்தை மாற்று: முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம் ஒரு பணியாரம். மத்தியானம் காயையும் பருப்பையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வா. அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே சர்க்கரை ஏறுவது குறையும். நடை வாரம் 150 நிமிடம், எடை குறைய வேண்டுமென்றால் 250 வரைக்கும். இரண்டு நாள் பளு தூக்கு. ஜிம் வேண்டாம், நம் வீடுகளில் கிடக்கும் பித்தளைக் குடங்கள் எதற்கு இருக்கின்றன?

அந்த ராத்திரி மனகோலம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பகலில் பட்டினி, ராத்திரி அடக்க முடியாத தீனி, அப்புறம் அழுகை. இது நாக்கு ருசி இல்லை. இதற்கு பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர் உண்டு, வைத்தியம் உண்டு. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இதுவும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். நோய் கண்டுபிடிக்கும் அன்றைக்கே மனநிலையையும் விசாரிக்க வேண்டும் என்று அந்த 2023 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆறு நிமிடத்தில் யார் விசாரிப்பார்? கடுமையான டயட் இதை மோசமாக்கும். காலையில் வயிறு நிறையச் சாப்பிடு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

முற்றத்து_வெயில் | ஆகஸ்ட் 3, இரவு 12:20

மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஈப்போ ஆயா எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. காலையில் தானாக லேபுக்குப் போய்விட்டு வந்தார்.

14416க்குக் கூப்பிட்டேன். முதல் தடவை யாரோ எடுத்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை பேசினேன்.

கண்டனூர்க்காரி | ஆகஸ்ட் 3, காலை 8:00

எடை குறைக்க இப்போது ஊசி வந்திருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் என்ன? என் தோழிக்கு சட்டென்று குறைந்தது.

ஒல்லிக்குச்சி | ஆகஸ்ட் 3, காலை 8:45

டாக்டர் சொன்னால் சரி. ஆனால் குழந்தைக்கு முயல்கிறவர்கள் கவனம். கர்ப்பத்தில் அது கூடாது, அதில் செமாகுளுடைடு என்ற ஊசியை இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். எடை குறையும்போது முட்டை திடீரென்று வெடிக்கத் தொடங்கிவிடும், எதிர்பாராமல் கர்ப்பமாகிவிடுவீர்கள். அதனால் ஊசி போடும் காலத்தில் கருத்தடை அவசியம்.

முற்றத்து_வெயில் | நவம்பர் 16, இரவு 9:50

யாராவது இன்னும் இங்கே இருக்கிறீர்களா?

74 கிலோ. புரோஜெஸ்டிரானில் ஒரு தடவை வந்தது, பிறகு தானாகவே இரண்டு தடவை, 41 நாளில், 35 நாளில். தைராய்டு சரியாக இருக்கிறது. அவருடைய ரிப்போர்ட்டும் சரி. டாக்டரை மாற்றிவிட்டேன். புது டாக்டர் முதல் நாளே "தூக்கம் எப்படி, மனது எப்படி" என்று கேட்டார், நான் அங்கேயே அழுதுவிட்டேன். லெட்ரசோல் ஒரு சுற்று முடிந்தது. ஸ்கேனில் ஒரு முட்டைப்பை 19 மில்லிமீட்டர் வரை வளர்ந்ததை எனக்குத் திரையில் காட்டினார்கள். கரு நிற்கவில்லை. அழுதேன், ஆனால் டின்னைத் திறக்கவில்லை. போன வாரம் ஒரு நாள் திறந்தேன். அதையும் மனநல டாக்டரிடம் சொன்னேன், அவர் ஒன்றும் திட்டவில்லை.

காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். முதல் வாரம் தனியாக. இப்போது மாமியாரும் வருகிறார். அவருக்கு மூட்டு வலி, பாதியில் படித்துறையில் உட்கார்ந்துவிடுவார். நான் சுற்றி வரும்போதெல்லாம் எத்தனாவது சுற்று என்று சத்தமாக எண்ணுவார். ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த நடையில்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், ராத்திரித் தீனி உட்பட. "அதான் டின்னு காலியாச்சா, நான் எலின்னுல்ல நெனச்சேன்" என்றார்.

ஹாஸ்டல்_ஜன்னல் | நவம்பர் 17, காலை 6:30

எலி! ரூம்மேட் முழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்துவிட்டேன் அக்கா. நானும் தோல் டாக்டரிடம் போனேன். சிரிக்கவில்லை. மூன்று மாதம் ஆகிறது, முடி அப்படியேதான் இருக்கிறது, பரு குறைந்திருக்கிறது. இரண்டாம் பெஞ்ச் வரை வந்துவிட்டேன்.

முற்றத்து_வெயில் | டிசம்பர் 27, இரவு 10:05

பிள்ளையார் நோன்பு முடிந்தது. இந்த மாதமும் நிற்கவில்லை, இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்தது. நோன்புக்கு உட்கார வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார வைத்தார். அதே பெரியம்மா வந்திருந்தார், என்னைப் பார்த்து வாயெடுத்தார். அதற்குள் மாமியார் இழை மாவை ஒரு உருண்டை எடுத்து என் கையில் வைத்து, "அவளுக்கு ஒண்ணு. அடுத்த ஆளுக்குக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். திரி எரிந்துகொண்டிருக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சுற்று ஜனவரியில்.

நர்ஸக்கா_தேவகோட்டை | டிசம்பர் 28, காலை 6:10

சரி. சர்க்கரையும் பி12ம் பார்த்தாயா இல்லையா, அதைச் சொல்.